ஃபினிஷ் என்றால் முடிவு மட்டும்தானா?

மார்ச் 4, காலை 10.15. வாசகர் ஒருவரின் கேள்வி

"எண்ட், ஃபினிஷ், கம்ப்ளீட் மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே? தமிழில் 'முடி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறோம். மூன்றும் வேறு வேறு என்று டியூஷன் மாஸ்டர்கள் சும்மா குழப்புகிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்."

மார்ச் 4, இரவு 9.40

மறுக்கிறேன். கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் பட்டறை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. ஃபினிஷ் என்ற சொல் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் 'முடிந்தது' என்ற பொருளில் அங்கே யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். வேலை முடிந்தால் "ஆச்சு", அவ்வளவுதான். "ஃபினிஷ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் கடைந்த பரப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். "ஃபினிஷ் வரலை" என்றால் அளவெல்லாம் சரி, பரப்பு சரியில்லை, மறுபடி மெஷினில் ஏற்று. ஆக, முடிந்துபோன வேலையிலும் ஃபினிஷ் வராமல் இருக்கலாம். எண்ட் என்ற சொல்லை வைத்து இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், நிற்காது.

மார்ச் 5, காலை 7.05

கேட்டவரின் பதில்: "அது பட்டறைக் கொச்சை. அகராதிப் பொருள் அல்ல."

அகராதியிலேயே இருக்கிறது. எந்த நல்ல ஆங்கில அகராதியிலும் பெயர்ச்சொல்லாக ஃபினிஷைப் பாருங்கள். பந்தயத்தின் கடைசிக் கட்டம் ஒரு பொருள், பரப்பின் தன்மை இன்னொரு பொருள். மேஜையின் வார்னிஷும் ஃபினிஷ்தான், காரின் பெயிண்டும் ஃபினிஷ்தான்.

மார்ச் 5, இரவு 10.20

மதியம் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றியே பேச்சு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லேத்தில், அதாவது இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் மெஷினில், ஒரு ஷாஃப்டை (சுழல் தண்டை) கடையும்போது முதலில் ரஃப் கட், கடைசியில் ஃபினிஷ் கட். ரஃப் கட்டிலேயே அளவுக்கு வந்துவிடக்கூடாது. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் போல மிச்சம் வைக்கவேண்டும். அந்த மிச்சம்தான் ஃபினிஷுக்கான இடம். வேலையைத் தொடங்கும்போதே கடைசி வேலைக்கு ஒதுக்கி வைத்தாகவேண்டும், இல்லையென்றால் கடைசியில் எவ்வளவு கைத்திறன் இருந்தும் பயனில்லை.

கடைந்த பரப்பு கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்தாலும் அது பொடிப்பொடியான மேடும் பள்ளமும்தான். டூல் முனையின் வளைவு ஆரம் 0.8 மில்லிமீட்டர், ஃபீட், அதாவது ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம், 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி மேட்டின் உயரம் 6.25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஃபீடைப் பாதியாக, 0.1 ஆகக் குறைத்தால் உயரம் 1.56 மைக்ரான். ஃபீட் பாதியானால் மேடு கால்வாசியாகிறது. ஆனால் கடைய ஆகும் நேரம் இரண்டு மடங்கு. ஃபினிஷுக்குத் தனி விலை போடுவது இதனால்தான். "அளவு வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

பரப்பைப் பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனாலும் முதலில் நகத்தைத்தான் வைப்போம். கோடு ஓடும் திசைக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்தால் போதும். கண்ணுக்குத் தப்பியது நகத்தில் தட்டும்.

மார்ச் 6, காலை 6.50

ஃபினிஷ் என்றால் வழவழப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இது.

ஆயில் சீல் என்பது எண்ணெய் கசியாமல் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையம். அது உட்காரும் இடத்தில் ஷாஃப்டின் பரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரான் ஆர்ஏ (மேடுபள்ளத்தின் சராசரி அளவு) வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் சீலின் ரப்பர் உதடு தேய்ந்துவிடும். அதற்குக் கீழே, கண்ணாடிபோல் ஆகிவிட்டாலும் ஆகாது. எண்ணெய்ப் படலம் தங்க இடமில்லாமல் உதடு சூடேறிக் கருகும். சிலிண்டர் உள்பரப்பில் ஹோனிங் செய்யும்போது, அதாவது நைசான கல்லால் தேய்க்கும்போது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விடுவதும் எண்ணெய் தங்கத்தான்.

இன்னொன்று. லேத்தில் கடைந்த பரப்பில் கோடுகள் மிக மெல்லிய திருகாக ஓடும். மீட்டரில் எண் சரியாகவே வரும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தத் திருகு எண்ணெயைச் சீலுக்கு வெளியே தள்ளிவிடும். அதனால்தான் அந்த இடத்தை மட்டும் கிரைண்டிங் கல் பக்கவாட்டில் நகராமல் நேராக இறங்கித் தேய்க்கும் முறையில் முடிப்பார்கள். திருகு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மெல்லிய நூல் ஒன்றின் நுனியில் சின்ன எடை கட்டி, எண்ணெய் தடவிய ஷாஃப்டின் மேல் தொங்கப்போட்டு, மெதுவாகச் சுற்றவிடவேண்டும். நூல் நின்ற இடத்திலேயே நின்றால் சரி. ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்து, எதிர்த்திசையில் சுற்றும்போது திரும்பி நடந்தால் திருகு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை நூல் காட்டிக்கொடுப்பதை நேரில் பார்க்கவேண்டும்.

ஆக, ஃபினிஷ் என்பது அந்தப் பரப்பு பார்க்கப்போகும் வேலைக்குப் பொருத்தமாக இருப்பது. பளபளப்பு அதற்குப் பிறகுதான்.

மார்ச் 6, இரவு 8.30

ஒருவர் சொல்லின் மூலம் கேட்டிருந்தார். லத்தீனில் ஃபினிஸ் என்றால் எல்லை. அதிலிருந்து வந்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. டிஃபைன், இன்ஃபினிட், ஃபைனல் எல்லாம் ஒரே குடும்பம். நாம் கட்டும் அபராத ஃபைனும் அதே குடும்பம்தான், வழக்கை முடிக்கக் கொடுத்த பணம் என்பதால். ஃபைனான்ஸும் கடனைத் தீர்ப்பதிலிருந்து வந்ததுதான். நேர்த்தியைக் குறிக்கும் ஃபைனுக்கும் அதே வேர். எல்லைவரை கொண்டுபோனது உயர்ந்தது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எண்ட் இந்தக் குடும்பத்தில் சேராது, அது ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். கம்ப்ளீட்டுக்கு வேர் 'நிரப்புதல்', ஆகவே குறை இல்லாமல் இருப்பது அதன் அக்கறை. கேள்வி கேட்டவருக்கு இந்த மூன்று வேர்களே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் நிறுத்தப்போவதில்லை.

மார்ச் 8, காலை 11.00 (ஞாயிறு)

விளையாட்டுக்கு வருவோம். கோட்டைத் தொட்டால் ஃபினிஷ் என்று நினைக்கிறோம். எதை வைத்துத் தொட்டால்?

ஓட்டப்பந்தயத்தில் தலையோ கையோ காலோ கணக்கில்லை. உடலின் நடுப்பகுதி கோட்டின் இப்பக்க விளிம்புக்கு நேராக வரவேண்டும். சைக்கிளில் முன்சக்கர டயரின் முன்விளிம்பு. குதிரைக்கு மூக்கு. படகுக்கு முன்முனை. நீச்சலில் கை சுவரைத் தொட்டாகவேண்டும்.

1984 லாஸ் ஏஞ்சலிஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42 விநாடி, ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போனது. கடைசி அடியில் நெஞ்சை முன்னே தள்ளிக் கொடுப்பதைத்தான் பயிற்சியாளர்கள் ஃபினிஷ் என்கிறார்கள். 400 மீட்டரும் பத்துத் தடையும் தாண்டிய பிறகு அந்த ஒரு சாய்வு தனி வேலை, தனிப் பயிற்சி. அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனசு பதறுகிறது.

2008 பெய்ஜிங், 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல். மிலோராட் சாவிச் கையை நீட்டியபடி சுவரை நோக்கி மிதந்து வந்தார். மைக்கேல் ஃபெல்ப்ஸ் அவருக்குச் சற்றுப் பின்னால் இருந்து இன்னொரு அரை வீச்சு போட்டுச் சுவரை அடித்தார். 50.58க்கு 50.59. அங்கேயும் நூறில் ஒரு பங்குதான். முன்னால் இருந்தவர் தோற்றார், கடைசிவரை வேலை செய்தவர் வென்றார்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியேத்ரி மைதானத்துக்குள் முதலாவதாக வந்தார். தள்ளாடினார், திசை மாறி ஓடினார், திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். கோட்டை முதலில் தாண்டியவர் அவர்தான். ஆனால் உதவி பெற்றதால் தகுதி நீக்கினார்கள், தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியேத்ரிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். கோட்டைத் தாண்டினார், ஆனால் ஃபினிஷ் கணக்கில் இல்லை.

மார்ச் 8, மதியம் 2.15

"கிரிக்கெட்டை விட்டுட்டீங்களே அண்ணா" என்று ஒரு தம்பி.

விடவில்லை தம்பி, சாப்பிடப் போயிருந்தேன். 2011 ஏப்ரல் 2, வான்கடே. குலசேகரா பந்தைத் தோனி சிக்ஸர் அடித்தபோது ரவி சாஸ்திரி சொன்னதை நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளும் ஒப்பிக்கும்: "தோனி ஃபினிஷஸ் ஆஃப் இன் ஸ்டைல்." அதில் 'ஆஃப்' என்ற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். வெறும் ஃபினிஷ் என்றால் ஆட்டம் முடிந்தது. ஃபினிஷ் ஆஃப் என்றால் மிச்சம் மீதி இல்லாமல் தீர்த்துவிட்டார்.

ஃபினிஷர் என்பவர் கடைசியில் நிற்பவர் என்று மட்டும் பொருள் கொண்டால் பத்தாம், பதினோராம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஃபினிஷர்தான். அப்படி யாரும் சொல்வதில்லை. 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். நம்ம சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக் கவர் திசையில் தட்டையாக ஒரு சிக்ஸர். எட்டே பந்தில் 29. அவர் இறங்கியபோது ஆட்டம் வங்கதேசத்தின் கையில் இருந்தது. கிட்டத்தட்ட முடிந்துபோன ஆட்டத்தை முடிய விடாமல் பிடித்து, பிறகு தானே முடித்தார்.

மார்ச் 8, இரவு 9.50

'ஃபினிஷ் ஆஃப்' பற்றி எழுதியபின் யோசனை வேறு பக்கம் போனது. ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல், நம் ஊரிலும் "ஃபினிஷ் பண்ணிட்டாங்க" என்றால் கொலை. வேலையும் பகையும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்று கேட்டால், நம்மிடம் பழைய பதில் இருக்கிறது. குறள் 674, வினையின் எச்சத்தையும் பகையின் எச்சத்தையும் ஒன்றாகவே நிறுத்தி, இரண்டும் அணையாமல் விட்ட நெருப்பின் மிச்சம்போலப் பின்னால் கேடு செய்யும் என்கிறது. அரைகுறையாக விட்டது தானாக வளரும் என்ற பயம்தான் இரண்டையும் சேர்க்கிறது. பட்டறையில் பிசிறு எடுக்காமல் விட்ட ஓரம் ஒன்று பிறகு யாருடைய விரலையாவது கிழிக்கும்போது எனக்கு இந்தக் குறள்தான் ஞாபகம் வரும்.

மார்ச் 10, இரவு 10.05

மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு போன் செய்தார். "நீங்க எழுதினது இரும்புக்குத்தான். எங்க தொழில்ல ஃபினிஷ்ங்கிறது வேற" என்றார். அவர் சொன்னது சரி. 5ஆம் தேதிக் குறிப்பு லேத்துக்கு மட்டும் பொருந்தும்.

இரும்பில் ஃபினிஷ் என்பது எடுப்பது. மரத்தில் அது பூசுவது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் தொட்டு, வட்டவட்டமாகத் தேய்த்துக் காயவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். படலம் படலமாக ஏறும். சுவரிலும் அப்படித்தான். கொத்தனார் மணியாசுக் கட்டையால் தேய்த்துச் சொரசொரப்பாக விட்டால் ஒரு ஃபினிஷ், சிமெண்ட் பாலை விட்டுக் கரணையால் இழுத்து வழவழப்பாக்கினால் வேறு ஃபினிஷ். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் கடைசிப் படலத்தில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் போனால் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெயில் காலத்திலும் குளுகுளுவென்று இருக்கும்.

திருப்பூரில் துணிக்கு இரண்டும் நடக்கிறது. பயோ வாஷில் என்சைம் விட்டு நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடுக்கிறார்கள். சாஃப்ட்னர் போட்டு மென்மை ஏற்றுகிறார்கள். பிறகு காம்பாக்டிங்கில் துணியை முன்கூட்டியே சுருங்க வைக்கிறார்கள், வாங்கினவர் வீட்டில் துவைக்கும்போது சுருங்கக்கூடாது என்று. எனக்குப் பிடித்த ஃபினிஷ் இதுதான். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே துணிக்கு நடத்திவிடுகிறார்கள்.

மார்ச் 11, காலை 6.40

மேலே எழுதியதில் சிலையை விட்டுவிட்டேனே என்று தூக்கத்திலேயே உறுத்தியது.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் படிமம் செய்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார்கள். வெளியே வருவது கரடுமுரடாக இருக்கும். பிறகு அரம், உளி என்று நாள்கணக்கில் வேலை. சோழர் காலப் படிமங்களில் நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கும், வார்த்தபின் உளி பட்டது குறைவு என்று கலை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் அவர்களுடைய ஃபினிஷ் உலோகம் உருகுவதற்கு முன்பே நடந்துவிட்டது. அந்தத் துணிச்சலை நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஊற்றிய பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதியை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஆன பிறகும் ஒரு வேலை பாக்கி. கண் திறப்பது. அதற்கு நாள் பார்த்து, பூஜை செய்து, ஸ்தபதி கடைசியாகக் கண்ணைத் திறக்கிறார். அதுவரைக்கும் அது உலோகம்தான்.

மார்ச் 11, இரவு 9.15

சுருக்கமாகச் சில, பலர் கேட்டதால்.

ஒயின் சுவைப்பவர்கள் ஃபினிஷ் என்பது விழுங்கிய பின் வாயில் நிற்கும் சுவையை. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்க பிரெஞ்சுக்காரர்களிடம் கோடலி என்று ஒரு அலகே இருக்கிறது, ஒரு கோடலி ஒரு விநாடி. காபி சுவைப்பவர்களும் இதே சொல்லைச் சொல்கிறார்கள். குடித்து முடித்த பிறகுதான் இந்த ஃபினிஷ் தொடங்குகிறது!

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில், இறைச்சிக்கு அனுப்புமுன் கடைசி மாதங்களில் தானியம் கொடுத்துக் கொழுக்க வைப்பதற்கு ஃபினிஷிங் என்றே பெயர்.

ஃபினிஷிங் ஸ்கூல் என்பது பணக்கார வீட்டுப் பெண்களுக்கு நடை, உடை, விருந்து முறை சொல்லிக்கொடுத்த பள்ளி. சுவிட்சர்லாந்து இதற்குப் பேர்போனது. இளவரசி டயானாவும் அங்கே ஒன்றில் சில காலம் இருந்தார். ஒரு பெண்ணை மேஜைக்கு வார்னிஷ் அடிப்பதுபோல நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மார்ச் 13, இரவு 8.00

டியூஷன் மாஸ்டர்கள் பக்கம் நின்று ஒரு குறிப்பு. ஃபினிஷுக்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது 'இங்' வடிவில் வரவேண்டும். 'ஐ ஃபினிஷ்டு ரீடிங்' சரி, 'ஐ ஃபினிஷ்டு டு ரீட்' தவறு. ஸ்டாப்புக்கு இரண்டும் வரும், பொருள்தான் மாறும். 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகையை விட்டார், 'ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைக்க நின்றார்.

'ஐ ஹேவ் ஃபினிஷ்டு' என்றால் வேலையை முடித்துவிட்டேன். 'ஐ ஆம் ஃபினிஷ்டு' என்பதையும் அதே பொருளில் சொல்கிறார்கள், ஆனால் இடத்தைப் பொறுத்து 'நான் தொலைந்தேன்' என்றும் ஆகும். இண்டர்வியூவில் முதலாவதையே சொல்லுங்கள், சந்தேகத்துக்கு இடமில்லை.

கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார்: "எண்ட் வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். கம்ப்ளீட்டும் ஃபினிஷும் ஒன்றுதான் என்பதில் மாற்றமில்லை." வேலையை முடிப்பது என்ற ஒரே ஒரு பொருளில் அவை பெரும்பாலும் ஒன்றுதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்ப்ளீட் செட் என்றால் எல்லாத் துண்டும் இருக்கிற செட். ஃபினிஷ்டு செட் என்றால் பாலிஷ் போட்டு விற்பனைக்குத் தயாரான செட். ஃபினிஷ்டு செட்டில் ஒரு நாற்காலி குறையலாம், கம்ப்ளீட் செட்டில் பாலிஷ் குறையலாம்.

மார்ச் 14, காலை 7.30

டிப்ளமோ படிக்கிற ஒரு பெண் தனிச்செய்தியில் டிராயிங் ஒன்றின் படத்தை அனுப்பி, ஓரத்தில் 'எஃப்.ஏ.ஓ.' என்று எழுதியிருக்கிறதே, 'ஃபினிஷ் ஆல் ஓவர்' என்கிறார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்றா பொருள் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

பொருள் நேர் எதிர்மா. எந்தப் பரப்பையும் வார்த்தபடி விடாதே, எல்லாப் பக்கமும் மெஷினில் கடை என்று அதற்குப் பொருள். வார்ப்படம் வாங்கும்போதே எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறார்களா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்த வார்ப்படத்தை ஏற்றாமல் திருப்பி அனுப்புங்கள். படத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று முக்கோணம் பழைய முறைக் குறி, அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் நைசான பரப்பு வேண்டும் என்கிறது. எத்தனை மைக்ரான் என்று டிராயிங் கொடுத்தவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.